பணியில் இருந்துகொண்டே படிக்க நினைக்கும் காவலருக்கு

காவலர் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்புத் தகுதியில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து 6 வருடம் ஆகிறது, +2 படிக்கவில்லை. “நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி போட்டுவிடு, மூன்று வருடத்தில் எஸ்.ஐ. பரீட்சை எழுதலாம்” என்று ஸ்டேஷனில் கூட இருப்பவர்கள் சொல்கிறார்களாம். இது சரிவருமா, துறையில் படிப்புக்கு ஏதாவது ஆதரவு உண்டா, இல்லை தூக்கத்தைத் தொலைத்துத்தான் படிக்க வேண்டுமா என்பது கேள்வி. கீழே அவருடைய ஆய்வாளரும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: படிக்க விரும்பும் பையன்களுக்கு என் மட்டத்தில் நான் என்ன செய்ய முடியும்? அந்த ஒரு வரியைப் பார்த்ததும்தான் உட்கார்ந்து விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் 1990களின் தொடக்கத்தில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, பட்டாலியன், ஆயுதப்படை, தாலுகா காவல் நிலையம் என்று சுற்றி, துறை ஒதுக்கீட்டில் எஸ்.ஐ. ஆகி, ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். கடைசிச் சில வருடங்கள் பணியிடைப் பயிற்சி மையத்தில் வகுப்பும் எடுத்தேன். அங்கே படிப்பைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தேன். அவர்களில் மூளை இல்லாமல் விட்டவர் என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியாது.

முதலில் தம்பியின் கேள்விக்கு நேரடியான பதில்: வேண்டாம். +2 முடிக்காமல் நேராக டிகிரியில் சேராதீர்கள். தமிழக அரசு 2009-ல் போட்ட அரசாணை 107, பத்தாம் வகுப்பும் +2-வும் முறையாக முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக வாங்கிய பட்டத்தை அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்க முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் எஸ்.ஐ. அறிவிக்கையைத் திறந்து கல்வித் தகுதி பத்தியைப் படித்தால், 10, அதன் பிறகு +2, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையைக் கேட்டிருப்பார்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று வருட டிப்ளமோ முடித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கும் இடம் உண்டு. வரிசைதான் முக்கியம். டிகிரியை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் +2 எழுதிச் சரிக்கட்டலாம் என்று நினைத்தவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருடப் படிப்பு, கட்டிய பணம், பரீட்சையில் வாங்கிய மார்க் எல்லாம் ஒரு மேஜைக்கு முன்னால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். அதனால் மாநில வாரியத்தில் தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வை முடித்துவிடுங்கள். இரண்டு வருடம் கூடுதலாகப் போகிறதே என்று தோன்றும். போகட்டும். உங்களுக்கு வயது இருக்கிறது. துறை ஒதுக்கீட்டில் எழுதுபவர்களுக்குக் கடந்த சில அறிவிக்கைகளில் உச்ச வயது வரம்பு 47 என்று இருந்திருக்கிறது.

அந்த ஒதுக்கீட்டைப் பற்றிப் பலருக்குப் பாதிதான் தெரிகிறது. எஸ்.ஐ. காலியிடங்களில் 20 சதவீதம் துறையில் ஏற்கெனவே பணிபுரிபவர்களுக்கு. குறைந்தது 5 வருட சர்வீஸ் வேண்டும், பட்டம் வேண்டும், தண்டனைப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். வினாத்தாளும் வெளியாட்களுடையது போல் இருக்காது. குற்றவியல் சட்டங்கள், காவல் நிலை ஆணைகள் (துறையின் நிரந்தர விதித் தொகுப்பு), நிர்வாக நடைமுறை என்று நாம் தினமும் கையாளும் விஷயங்கள் அதில் வரும். பதவி உயர்வைக் காலத்தின் கையில் விட்டால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். நீண்ட காலமாக இருந்த கணக்கு 10, 5, 10. இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு 10 வருடம், தலைமைக் காவலராக இன்னும் 5, சிறப்பு எஸ்.ஐ. ஆக இன்னும் 10. 22 வயதில் சேர்ந்தவர் 47-ல் சிறப்பு எஸ்.ஐ. ஆவார். அந்த உயர்வைக் குறைத்துச் சொல்லவில்லை, உழைத்து வாங்கியதுதான். ஆனால் படித்தவருக்கு எஸ்.ஐ. பதவி 30 வயதிலேயே கிடைக்கலாம், அதற்குப் பிறகு ஆய்வாளர், டி.எஸ்.பி. என்று போக வருடங்களும் மீதி இருக்கும்.

சரி, அடுத்தது அனுமதி. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பணியில் இருப்பவர் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். “அய்யாகிட்ட சொல்லிட்டேன், சரின்னாரு” என்பது அனுமதி ஆகாது. அந்த அய்யா ஆறு மாதத்தில் மாறுதலில் போய்விடுவார். மனுவை ஆய்வாளர், டி.எஸ்.பி. வழியாக எஸ்.பி.க்கு அனுப்ப வேண்டும். உத்தரவு வந்ததும் நகல் எடுத்துக்கொண்டு, பணிப்பதிவேட்டில் பதிவு செய்யச் சொல்லி, பதிவான பக்கத்தை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். படிப்பு முடிந்த பிறகு சான்றிதழையும் அதே போலப் பதிய வைக்க வேண்டும். அலுவலகத்தில் பதிவேடு பார்க்கும் அமைச்சுப் பணியாளர் அண்ணன்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, ஒரு மாவட்டம் முழுவதற்குமான பதிவேடுகளை ஏழெட்டுப் பேர் பார்க்கிறார்கள். நீங்கள்தான் பின்தொடர வேண்டும்.

பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்யும்போது அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இருப்பது வேறு. 2024-லிருந்து தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர டி.இ.பி. ஐ.டி. என்ற ஓர் எண்ணை மாணவரே உருவாக்கிக்கொள்ள வேண்டும். “ஐ.டி. எல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று தெருமுனை சென்டர்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லிருந்து இயங்குகிறது, இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) 1985-லிருந்து இருக்கிறது. இரண்டுக்கும் பல ஊர்களில் படிப்பு மையங்கள் உண்டு. மாறுதல் வந்தால் மையத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்று சேரும்போதே கேட்டு வையுங்கள், நமக்கு அது பெரிய விஷயம்.

இப்போது என் கதை ஒன்று. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆய்வாளரின் கேள்விக்கு இதற்குள்தான் பதில் இருக்கிறது.

நான் பி.ஏ. வரலாறு அஞ்சல் வழியில் படித்தேன். இரண்டாம் வருடத் தேர்வு சமயத்தில் தென்மாவட்டங்களில் கலவரம், எங்கள் கம்பெனி மொத்தமும் பந்தோபஸ்தில். தேர்வுக்கு நான்கு நாள் முன்பு ஹால் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் முகாமில் அத்தனை பேரும் 18 மணி நேரம் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவனை விட்டால் பத்துப் பேர் வருவார்கள். “அடுத்த வருஷம் எழுதிக்கோப்பா” என்றார். நான்கு தாள் போனது. நான் தங்கியிருந்த பள்ளிக்கூட வகுப்பறையின் கரும்பலகையில் யாரோ ஓர் ஆசிரியர் எழுதி அழிக்காமல் விட்ட தேதி இருந்தது. என் முதல் தாள் நாள் அன்று காலையில் நான் அதைப் பார்த்துக்கொண்டே பெல்ட் மாட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வருடம் தள்ளிப்போனது மூன்று வருடம் ஆனது, ஏனென்றால் விட்ட தாள்களோடு புதுத் தாள்களும் சேர்ந்து கொண்டன, நடுவில் கல்யாணம், முதல் குழந்தை.

அந்த அதிகாரி மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. ஆனால் அன்று அவர் கையில், தேர்வு நாளில் இன்ன காவலருக்கு விடுப்பு கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்ட ஒரு தாள் இருந்திருந்தால், அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்காது. எல்லோர் முன்னாலும் அதைக் காட்டி அனுப்பியிருப்பார். காவலருக்கு உயர்கல்வி ஆதரவு என்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் உதவித்தொகை, கட்டணச் சலுகை என்று போகிறார்கள். அதுவும் தேவைதான். ஆனால் தொலைநிலைக் கல்லூரியின் வருடக் கட்டணத்தைக் கட்டிவிடுகிற காவலருக்கும், தேர்வு எழுதும் அந்தப் பத்து நாளை எந்தக் கடையில் வாங்குவது என்று தெரியாது. நமக்கு முதலில் வேண்டியது நேரம், அதுவும் வாய் வார்த்தையாக இல்லாமல், எழுத்தில் கொடுத்த நேரம்.

ஆய்வாளர் அவர்களுக்கு: உங்கள் மட்டத்தில் செய்ய முடிகிறவை நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஜனவரியிலும் ஜூலையிலும் ஸ்டேஷனில் யார் யார் என்ன படிக்கிறார்கள், தேர்வு எந்த மாதம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோயில் திருவிழா, குருபூஜை, தேர்தல் என்று பந்தோபஸ்து தேதிகள் பெரும்பாலும் முன்பே தெரிந்தவை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி மோதல் தீர்ந்துவிடும். நான் ஒரு ஸ்டேஷனில் இருந்தபோது மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய பத்து நாள் ஒருவருக்கு இரவு ரோந்து போடாமல், அதை மற்ற இரண்டு பேரும் எடுத்துக்கொள்வது, அவர்கள் முறை வரும்போது இவர் எடுப்பது என்று அவர்களே பேசி வைத்தார்கள். நான் செய்தது ரைட்டரை (ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் காவலர்) கூப்பிட்டு அந்த ஏற்பாட்டை டியூட்டிப் பட்டியலில் ஏற்றச் சொன்னது மட்டும்தான். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் முறை வந்தது. 2021-ல் வார விடுப்புக்கு அரசாணை வந்தது. படிக்கிறவர்களுக்கு அந்த ஒரு நாளை மட்டுமாவது எந்த அவசரத்திலும் பிடுங்காமல் விட்டுப் பாருங்கள். தொலைநிலைப் படிப்பின் நேரடித் தொடர்பு வகுப்பு சனி ஞாயிறில் வரும் என்றால் வார விடுப்பை அந்த நாளுக்கு மாற்றிக் கொடுங்கள்.

அப்புறம், ரோல் காலில், அதாவது எல்லோரையும் நிறுத்தி வருகை எடுக்கும்போது, ஒரு வார்த்தை. “இவன் பெரிய கலெக்டர் ஆகப்போறான்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பது நம் துறையில் சாதாரணம். சொல்பவர் அன்றே மறந்துவிடுவார். கேட்ட பையன் மறுநாள் புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவான். பாரா (ஸ்டேஷன் காவல்) பார்க்கும்போது படிக்கக் கூடாதுதான், துப்பாக்கியும் லாக்கப்பும் அவன் பொறுப்பு. ஆனால் பாரா மாற்றி வந்து ஓய்வறையில் விளக்குப் போட்டுப் படிப்பவனை “விளக்கை அணைடா” என்று சொல்லாமல் இருக்க, சீனியர்களுக்கு நீங்கள் ஒரு தடவை சொன்னால் போதும்.

என்ன படிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். எஸ்.ஐ. தகுதிக்காக மட்டும் என்றால் எந்தப் பட்டமானாலும் சரி. நீங்கள் தமிழில் படித்து எழுத முடிகிற, பிராக்டிகல் இல்லாத ஒன்றை எடுங்கள். லேப் இருக்கும் படிப்பு நமக்கு ஒத்துவராது, வருகைப் பதிவு கேட்பார்கள். புலனாய்வில் ஆர்வம் இருந்தால் குற்றவியல் படிக்கலாம், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் தனித் துறையே இருக்கிறது. சட்டம் படிக்க ஆசைப்படுபவர்கள் நிறைய. கோர்ட் டியூட்டி பார்க்கும் காவலர்களுக்கு அந்த ஆசை தானாகவே வந்துவிடும். ஆனால் எல்.எல்.பி.யைத் தபாலில் படித்தால் பார் கவுன்சில் ஏற்காது, நேரடி வகுப்பும் வருகைப் பதிவும் கட்டாயம். பணியில் இருந்துகொண்டே எப்படியோ வருகைப் பதிவு போட்டு வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பட்டமும் போய் வேலைக்கும் வம்பு வரும் என்பதை மனதில் வையுங்கள். உண்மையிலேயே படிக்க வேண்டும் என்றால் அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 84-ன் கீழ் கல்வி விடுப்பு என்று ஒன்று உண்டு, கேட்டு மனுப் போடலாம். கிடைப்பது சுலபம் இல்லை, ஆனால் யாருமே கேட்காததால்தான் அது புத்தகத்தோடு நின்றுவிட்டது என்பது என் எண்ணம்.

பட்டத்தோடு நிறுத்திவிடக் கூடாது என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1-ம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. கொலை, திருட்டு, மோசடிக்கு அதுவரை கைநுனியில் வைத்திருந்த 302, 379, 420 எல்லாம் ஒரே இரவில் பழைய எண்கள் ஆகிவிட்டன. எண் மாறியதாவது மனப்பாடத்தில் தீரும். வேலை மாறியதுதான் பெரிது. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு சொல்கிறது. 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது 176-வது பிரிவு. அவர் வரும்வரை அந்த இடத்தை யார் காப்பது? அங்கே முதலில் போய்ச் சேரும் காவலர். எதைத் தொடக் கூடாது, எங்கே நடக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாவிட்டால் நிபுணர் வந்து எதைப் பார்ப்பார்?

இதற்கு ஒரு சம்பவம். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு செல்போன் கடையில் ஷட்டரை நெம்பித் திருட்டு. எதிரில் இருந்த மளிகைக் கடை கேமராவில் ஆள் தெரிந்தான். எப்போதும் செய்வது என்ன? கடைக்காரரிடம் பென் டிரைவைக் கொடுத்து “போட்டுக் குடுங்க அண்ணாச்சி” என்பது, அல்லது திரையைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. அன்று கூட வந்தது முதல் நிலைக் காவலர் ஒருவர், முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் கேமரா பதிவுப் பெட்டியைத் தொடுவதற்கு முன் கேமராவில் ஓடும் நேரத்தையும் தன் செல்போன் நேரத்தையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்தார். ஏழு நிமிட வித்தியாசம். அதை நோட்டில் எழுதினார். பதிவைப் புதுப் பென் டிரைவில் எடுத்ததும், லேப்டாப்பில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, நீளமான அந்த எழுத்து வரிசையைக் கடைக்காரர் கண் முன்னாலேயே சான்றிதழில் ஏற்றிக் கையெழுத்து வாங்கினார். அவர் சொன்னார்: “சார், நாளைக்கு கோர்ட்டில் இந்த வீடியோவை நீங்களே வெட்டி ஒட்டினீங்களான்னு கேட்டா, இந்த நம்பரைத் திரும்பப் போட்டுக் காட்டலாம். ஒரு நொடி மாறியிருந்தாலும் நம்பர் மாறிடும்.” சாக்ஷிய அதிநியத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழில் இந்த ஹாஷ் மதிப்புக்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். அதை அன்றைக்கு எனக்குச் செய்து காட்டியது என்னைவிட 25 வயதுக்கு மேல் சின்னவர். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். போலீஸ்காரர்களுக்காக மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் நடத்தும் சைட்ரெயின் என்ற இணையதளத்தில், பந்தோபஸ்துக்குப் போகும் வேனில் உட்கார்ந்து செல்போனில் படித்ததாம்.

அந்தக் காவலருக்கு அடுத்து என்ன நடந்தது என்பதுதான் என் ஆதங்கம். நான் அவரைச் சைபர் பிரிவுக்குப் பரிந்துரை செய்து எழுதினேன். நான் ஓய்வு பெறும் நாள் வரை அவர் வாரண்ட் டியூட்டியும் திருவிழா பந்தோபஸ்தும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை ஆய்வாளர் மட்டத்துக்குக் குறையாதவர்தான் புலனாய்வு செய்ய முடியும், அது சரி. ஆனால் ஆய்வாளருக்குப் பக்கத்தில் உட்கார இப்படி ஒருவர் வேண்டாமா? படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்றால் அடுத்தவன் ஏன் படிப்பான்? ஒவ்வொரு மாவட்டத்திலும் யாரிடம் என்ன பட்டம், என்ன சான்றிதழ், எந்த மொழி தெரியும் என்ற பட்டியல் எஸ்.பி. மேஜையில் இருக்க வேண்டும், மாறுதல் போடும்போது அதைத் திறந்து பார்க்க வேண்டும். இதற்குப் பணம் செலவில்லை.

சைட்ரெயின் தவிர, அரசு ஊழியர்களுக்கான ஐகாட் கர்மயோகி தளத்திலும் ஸ்வயம் தளத்திலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. நிறையப் பாடங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான், இது பெரிய தடை. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்து வந்த காவலர் முதல் வீடியோவிலேயே மூடிவிடுகிறார். பணியிடைப் பயிற்சி மையங்கள் இந்தப் பாடங்களைத் தமிழில், நம் வழக்கு உதாரணங்களோடு எடுத்துச் சொன்னால் அதைவிடப் பெரிய ஆதரவு வேறு இல்லை. நான் வகுப்பு எடுத்தபோது பார்த்தது: சட்டப் பிரிவைப் படித்துக் காட்டினால் பின்வரிசை தூங்கும், ஒரு பழைய வழக்கின் மகஜரை (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) கையில் கொடுத்து “இதில் என்ன தப்பு, கண்டுபிடியுங்கள்” என்றால் டீ இடைவேளைக்குக்கூட எழுந்து போக மாட்டார்கள்.

வெளிநாடுகளில் எப்படி என்று கேட்பவர்களுக்கு இரண்டு அனுபவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டிலும் நாம் எடுத்துக்கொள்ளவும் வேண்டும், தவிர்க்கவும் வேண்டும். அமெரிக்காவில் 1968-ல் வந்த ஒரு சட்டம் காவல் பணியாளர் கல்லூரிப் படிப்புக்கு அரசே பணம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பணியில் இருப்பவருக்கு மானியம், படிப்பு முடிந்த பின் இரண்டு வருடம் துறையிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடனாக வாங்கிப் படித்து வேலைக்கு வந்தால், வேலை பார்க்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் கடனில் கால் பங்கு தள்ளுபடி. நியாயமான ஏற்பாடு. ஆனால் பணம் வருகிறது என்றதும் கல்லூரிகள் புற்றீசல் போல் காவல்துறைப் படிப்புகளைத் திறந்தன, ஓய்வு பெற்ற அதிகாரிகள் வந்து பழங்கதை பேசுவதே பாடம் என்று ஆன இடங்களும் உண்டு. 1978-ல் வந்த ஆய்வறிக்கை ஒன்று அந்தத் தரத்தைக் கடுமையாக விமர்சித்தது. நம் ஊரிலும் பணம் மட்டும் கொடுத்துப் பாடத்தைக் கவனிக்காவிட்டால் இதுதான் நடக்கும்.

இங்கிலாந்தில் 2018 வாக்கில், காவலராகச் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே மூன்று வருடத்தில் பட்டம் முடிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வேலை நேரத்திலேயே ஒரு பகுதியைப் படிப்புக்கென்று ஒதுக்கினார்கள், அந்த நேரத்தில் அவரை டியூட்டிக்கு இழுக்கக் கூடாது. ஆனால் தெருவில் ஆள் குறைகிறது என்ற புகார் வந்தது, இரண்டையும் சுமக்க முடியாமல் விலகியவர்களும் இருந்தார்கள், கடைசியில் 2024-ல் பட்டம் இல்லாமல் சேரும் வழியையும் திறந்துவிட்டார்கள். ஒதுக்கப்பட்ட நேரம் என்ற அந்த யோசனை மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. நம்மிடம் இருக்கிற ஆள் பற்றாக்குறையில் வாரத்துக்கு ஒரு நாள் கேட்பது நடக்காது, தெரியும். மாதத்துக்கு எட்டு மணி நேரம்? எந்த ஸ்டேஷனும் அதனால் மூடிவிடாது.

பெண் காவலர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1973-ல் பெண்கள் காவல் பணிக்கு வந்தார்கள். இன்று ஸ்டேஷன்களில் அதிகம் படித்துவிட்டு வருபவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் சேர்ந்த பிறகு மேற்கொண்டு படிப்பவர்கள் அவர்களில் மிகக் குறைவாக இருப்பதை வகுப்பில் பார்த்தேன். டியூட்டி முடிந்து ஆண் காவலர் ஓய்வறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் படித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், பெண் காவலரால் முடியாது. குழந்தை காத்திருக்கும், அடுப்பு காத்திருக்கும். ஒரு பெண் தலைமைக் காவலர் தன் குரலிலேயே பாடத்தை வாசித்துச் செல்போனில் பதிந்து வைத்து, சமைக்கும்போது காதில் கேட்டே எம்.ஏ. முடித்தார். அவரைப் பாராட்டி கைதட்டினோம். கைதட்டியதோடு சேர்த்து அவருக்குத் தேர்வு மாதத்தில் பகல் டியூட்டி கொடுத்திருக்கலாம் என்று எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

பணத்தைப் பற்றி ஒரு வரி. காவலர் நல நிதியிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கிறது, அது எத்தனையோ குடும்பங்களைத் தூக்கிவிட்டிருக்கிறது. அதே வலுவோடு காவலரின் சொந்தப் படிப்புக்கும், தேர்ச்சி பெற்ற பிறகு கட்டணத்தைத் திருப்பித் தருகிற மாதிரி ஓர் ஏற்பாடு இருந்தால் நன்றாக இருக்கும். அமைச்சுப் பணியாளர், விரல்ரேகைப் பிரிவு, தொழில்நுட்பப் பிரிவு என்று காவல்துறையில் சீருடைக்கு வெளியிலும் சீருடைக்குள்ளும் இருக்கும் எல்லோருக்கும் அது சேர வேண்டும்.

தம்பி, இனி உங்கள் வேலை. +2 தனித்தேர்வர் அறிவிப்பு எப்போது வருகிறது என்று பார்த்து வையுங்கள். இந்த வாரமே மனுவைக் கொடுங்கள், உங்கள் ஆய்வாளரே படிப்பின் பக்கம் நிற்கிறார், அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மனுவில் சுற்றி வளைக்க வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

“ஐயா, நான் மேற்படி காவல் நிலையத்தில் இரண்டாம் நிலைக் காவலராகப் பணிபுரிந்து வருகிறேன். பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றுள்ளேன். என் பணிக்கு எவ்வித இடையூறும் இல்லாமல் மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும், தேர்ச்சிக்குப் பின் தொலைநிலைக் கல்வி வழியாக இளங்கலைப் பட்டம் பயிலவும் அனுமதி வேண்டுகிறேன். தேர்வு நாட்களில் மட்டும் எனக்குத் தகுதியுள்ள விடுப்பு வழங்கிடவும், அனுமதி உத்தரவை என் பணிப்பதிவேட்டில் பதிவு செய்திடவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் ரைட்டரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.